வேலை வேண்டும், ஆள் வேண்டாமா?

ஏழைக்கு எங்காவது ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டால் அவன் வறுமை தீர்ந்துவிடும் என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. ராகுகாலம் பார்ப்பவரைக் கேலி செய்யும் படித்தவர்கள்கூட இதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1987இல் அகமதாபாத்தில், நகர மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி அமைந்த வீடுகளுக்கு ஏழைப் பெண் தொழிலாளர்களிடையே குலுக்கல் நடந்தது. வீடு ஒதுக்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சீட்டு விழுந்தவர்களின் குடும்ப வருமானம் கூடவில்லை, பிள்ளைகளின் நிலையும் உயரவில்லை. 34 விழுக்காட்டினர் அங்கே குடியேறவே இல்லை. இன்னொரு 32 விழுக்காட்டினர் குடியேறிப் பிறகு வெளியேறினார்கள். சுவரும் கூரையும் முன்பைவிட நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் உறவும், காய்ச்சலென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீடும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

சென்னை இதையே பல மடங்கு பெரிதாகச் செய்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் விளிம்புக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களை அவர்களின் பாதுகாப்புக்காகவே அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். 2023 மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றது.

மயிலாப்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். குப்பத்திலிருந்து நடந்து வந்தவர், இப்போது விடியுமுன் கிளம்பி பஸ் மாறி மாறி வரவேண்டும். முதலில் ஒரு வீட்டு வேலை போகும், பிறகு இன்னொன்று. பக்கத்திலேயே வேலை தேடலாமென்றால், கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதுமே முகம் சுளிக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். பிறந்த சாதியை வைத்து மனிதனை எடைபோட்ட சமூகம் இப்போது பின்கோடை வைத்தும் எடைபோடுகிறது.

ஆற்றங்கரையில்தான் அவர்கள் கிடக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். யாரும் அங்கே வாழக் கூடாது. ஆனால் நீர்நிலையைக் காப்பதுதான் நோக்கமென்றால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டோம். சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை வைத்தோம். அவையெல்லாம் வளர்ச்சி, ஓலைக் குடிசை மட்டும் ஆக்கிரமிப்பா?

நகருக்குள் நிலமில்லை என்கிறார்கள். கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் பல பத்தாண்டுகளாகக் குதிரைப் பந்தயத்துக்குக் குத்தகையில் இருந்தது. அப்போது இந்தக் கவலை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வழி தெரியாத அரசும் அல்ல நம்முடையது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், அந்தக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனில், இருந்த இடத்திலேயே தண்ணீரும் கழிப்பறையும் மனை உரிமையும் தரும் திட்டம் வந்தது. குறைகள் இருந்தன, ஆனாலும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த வழியைக் கைவிட்டு, விலை குறைந்த நிலத்தைத் தேடி மனிதர்களைத் தள்ளிக்கொண்டே போனது அறிவின் தீர்ப்பல்ல, ரியல் எஸ்டேட்டின் தீர்ப்பு.

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதாக அந்த வாரியம் முழங்கி வந்தது. இறைவனைத் தேட வேண்டாம். அந்த ஏழை காலை ஆறு மணிக்கு எங்கே நிற்கிறார், பஸ் வந்ததா என்று பார்த்தால் போதும்.

உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது எழுந்து கேளுங்கள்: நம் வீட்டைப் பெருக்கி, நம் குப்பையை அள்ளி, நம் சுவரை எழுப்புகிறவர்கள் குடியிருக்க இந்த வார்டுக்குள் எத்தனை வீடு கட்டப்போகிறீர்கள்? எண்ணிக்கையாகப் பதில் வரும்வரை உட்காராதீர்கள்.