இதயத்திற்கு ஒரு கதவு

மார்க்கம் அனுமதித்த இரு வழிகள் எதிரே நிற்கும்போது அவற்றுள் ஒன்றை மனிதன் எவ்வாறு தேர்வது? முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் கிதாபு ஓதிக்கொடுத்து வரும் நாம், இது ஆகும், இது ஆகாது என்று எத்தனையோ பேருக்கு எடுத்துரைத்திருக்கிறோம். ஆகும், ஆகாது என்னும் எல்லை முடிந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது என்பதை 56-ஆம் வயதில், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திட அமர்ந்தபோதுதான் உணர்ந்தோம்.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து ஒரு காய்ச்சல் வந்தது, மூட்டுகள் வீங்கின. சில வாரங்களில் எல்லாம் போய்விட்டதாக வீட்டார் எண்ணினர். போகவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் என்னும் அந்நோய் மூட்டைத் தொட்டுவிட்டுப் போகும். இதயத்திலோ தழும்பை விட்டுப் போகும். இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஈரிதழ்க் கதவு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை அது திறந்து மூடுகிறது. நமக்கு அவ்விதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டன. படியேற மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல் வந்தது. பாடம் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் நிற்க நேர்ந்தது.

மருத்துவர் இருவகை வால்வுகளை விளக்கினார். ஒன்று, கரிப்பொருளாலும் உலோகத்தாலும் ஆன செயற்கைக் கதவு. அது பல்லாண்டு உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையக்கூடும் என்பதால் உயிருள்ளவரை இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மற்றொன்று, பன்றியின் இதய வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ பக்குவப்படுத்திச் செய்யப்படுவது. பெரும்பாலோர்க்கு வாழ்நாள் மாத்திரை தேவைப்படாது. ஆயின் 10, 15 ஆண்டுகளில் அது தேயும். மறுபடியும் நெஞ்சைத் திறக்க நேரலாம். "இளையவருக்கு முதலாவதையும் முதியவருக்கு இரண்டாவதையும் பரிந்துரைப்போம். நீங்கள் இடைப்பட்ட வயதினர். நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்.

செய்தி பரவியதும் உறவினர் கேட்ட முதற்கேள்வி, "பன்றியினுடையதா?" என்பதே. நம் முன்னோர் இத்தகைய கேள்வியை அறியாதவர் அல்லர். ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூல்களுள் ஒன்றான மின்ஹாஜில், ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், முறிந்த எலும்பை அசுத்தமான பொருளால் இணைத்தவரைப் பற்றிப் பேசுகிறார்கள். சுத்தமான பொருள் கிடைக்காமையால் அவ்வாறு செய்தவர் மன்னிக்கப்படுவார் என்பது சட்டம். கிடைத்திருந்தும் செய்தவர், பெருந்தீங்கு நேரும் அச்சமில்லையேல் அதை அகற்ற வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பாடத்தை எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருந்தும், அது நம் நெஞ்செலும்பைக் குறித்துப் பேசும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மாட்டின் வால்வு இருக்கையில் பன்றியினுடையதை நாட வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை. மாட்டினுடையதும் முறைப்படி அறுக்கப்பட்டதுதானா என்னும் ஐயம் எழுந்தால், மருத்துவத் தேவை அதற்கு இடமளிக்கும் என்று உலமாக்கள் கூறினர். செயற்கை வால்விலோ அக்கேள்வியே எழாது. ஆக, எஞ்சிய இரண்டும் நமக்குத் திறந்த வாயில்களே. மார்க்கம் கதவைத் திறந்துவிட்டது. எதனுள் நுழைவது என்று கூறவில்லை.

இங்கேதான் நம் மனம் ஒரு சூழ்ச்சி செய்தது. செயற்கை வால்வே வேண்டும் என்று முடிவு செய்து, "அதுவே பேணுதலானது" என்று எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினோம். கேட்டவர்கள் மெச்சினர். ஓர் இரவு நம் துணைவியார் மெல்லக் கேட்டார்: "ஒன்று கேட்கலாமா? நீங்கள் இதைக் கேட்பது பேணுதலுக்காகவா, இரண்டாம் ஆபரேஷனுக்குப் பயந்தா?"

நம்மிடம் மறுமொழி இல்லை. அச்சத்திற்குத் தக்வாவின் ஆடையைப் போர்த்தி ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். அஞ்சுவது குற்றமன்று. அச்சத்தை மார்க்கத்தின் பெயரால் அழைப்பதே குற்றம். அவ்வாறு செய்பவன் தன்னை மட்டும் ஏமாற்றவில்லை. நாளை இதே நோயுடன் வந்து மாட்டின் வால்வைத் தேர்பவரைப் பேணுதல் குறைந்தவர் என்று பிறர் எண்ணுவதற்கும் வழி செய்கிறான்.

அதன்பின் மீண்டும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தோம். அதே கூடத்தில் நம் வயதை ஒத்த மீனவர் ஒருவர் இருந்தார். "ஐயா, நான் கடலுக்குப் போனால் நாள்கணக்கில் கரை காணேன். தூண்டிலும் வலையும் கையைக் கிழிக்கும். இரத்தம் உறையாத மாத்திரையைத் தின்றுவிட்டு நான் எப்படித் தொழில் செய்வது?" என்று கூறி மாட்டின் வால்வைத் தேர்ந்தார். இன்னோர் இளம்பெண் அண்மையில் மணமானவள். அம்மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. இளவயதில் திசு வால்வு விரைந்து தேயும், இரண்டாம் அறுவை உறுதி என்பதை அறிந்தே அவளும் அதையே கேட்டாள். நாம் எதற்கு அஞ்சி நடுங்கினோமோ, அதையே ஒரு மகவுக்காக அவள் விலை கொடுத்து வாங்கினாள். ஒரே நோய், ஒரே மருத்துவர், விடைகள் வேறு. அவற்றுள் எதைத் தவறு என்போம்?

உடல் இறைவன் நம்மிடம் தந்த அமானிதம். அமானிதத்தைக் காக்கும் முறை எல்லாருக்கும் ஒன்றாக இராது. அவரவர் வாழ்வும் கடமையும் அதில் நிறை போடுகின்றன. நமக்கோ கரைவாழ்வு, கைக்கெட்டும் தொலைவில் பரிசோதனை நிலையம், நேரம் தவறாது ஒன்றைச் செய்யும் பழக்கம் தொழுகையால் வந்தது. ஆதலின் செயற்கை வால்வையே தேர்ந்தோம். முடிவு மாறவில்லை, காரணம் மாறிற்று. அச்சமும் அதில் ஒரு பங்கு என்று இப்போது வெளிப்படையாகச் சொல்கிறோம். இஸ்திகாரா தொழுதோம். கனவு எதுவும் வரவில்லை. ஆய்ந்து, கலந்து பேசி, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதற்கே அத்தொழுகை. சிந்திக்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை.

நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் தைத்திருந்தனர். அது நன்றாகக் கூடிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். கனமான பொருளைத் தூக்கலாகாது. மகன்தான் குளிப்பாட்டினான். சில நாட்கள் காரணமின்றிக் கண்ணீர் வந்தது. பெரிய அறுவைக்குப்பின் பலருக்கும் அப்படி வரும் என்று செவிலியர் தேற்றினார்.

எல்லாவற்றினும் கடினமாக இருந்தது நாற்காலியில் அமர்ந்து தொழுததே. நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் சொன்ன நமக்கு, மாணவர் முன்னிலையில் அச்சலுகையை ஏற்க வெட்கமாக இருந்தது. நெற்றி தரையில் படாத சுஜூது சுஜூதுதானா என்று மனம் ஏங்கிற்று. பின்னர் தெளிந்தோம். கொடுத்ததை ஏற்றுக்கொள்வதும் அடிமைத்தனமே. ஏற்க மறுப்பதில் வணக்கத்தைவிட ஆணவமே மிகுதி.

இப்போது நாள்தோறும் இஷாவுக்குப் பின் ஒரு மாத்திரை. ரமலானிலும் அதற்கு இடையூறு இல்லை. அவ்வகை மருந்துகளுள் ஒன்றான வார்ஃபரின், 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. நஞ்சை மருந்தாக்கியது அளவு. ஐ.என்.ஆர். என்னும் கணக்கு நமக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உறைவு, மிகுந்தால் கசிவு. முருங்கைக்கீரையைக்கூட ஒரு வாரம் அள்ளி உண்டு மறுவாரம் விட்டுவிடலாகாது. நடுநிலை பற்றி நூல்களில் படித்ததை இப்போது இரத்தத்தில் படிக்கிறோம்.

அமைதியான இரவுகளில் வால்வு மூடும் மெல்லொலி நம் காதில் விழுகிறது. மற்றதைத் தேர்ந்திருக்கலாமோ என்னும் எண்ணமும் சிலபோது அதனுடன் வரும். அதற்கு நாம் விடை கூறுவதில்லை. ஆராய வேண்டிய காலத்தில் ஆராய்ந்தோம்; ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தோம். முடிந்ததைத் தோண்டிக்கொண்டிருப்பது ஒப்படைத்ததைத் திரும்பக் கேட்பதாகும்.

அந்த மீனவரின் வலை நிறையட்டும். அந்தப் பெண்ணின் மடி நிறையட்டும். நம் நெஞ்சில் மனிதன் செய்து வைத்த கதவை, அவன் நாடும் நாள்வரை அல்லாஹ் திறந்து மூடச் செய்வானாக. ஆமீன்.