கதிர்காமத்திலிருந்து கதிர்காமத்துக்கு

எங்கள் ஊரில் "கதிர்காமம் போகணும்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால், வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இலங்கையில் அதே பெயரைச் சொன்னால் மாணிக்க கங்கைக் கரையில், முருகன் கோயிலுக்கு அருகே இறங்கலாம். புதுச்சேரிக் கதிர்காமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நாற்பத்தாறு வயதுவரை இந்தப் பெயர்ப் பொருத்தம் வெறும் வேடிக்கைதான். போன ஆண்டு கியர் வண்டி ஓட்டப் பழகியதும் அது வினையாகிவிட்டது. இந்தக் கதிர்காமத்திலிருந்து அந்தக் கதிர்காமத்துக்கு, மோட்டார் சைக்கிளில், தனியாகப் போய் வந்தால் என்ன?

இருபது வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறவள் நான். ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிய லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி முப்பது நாள் காத்திருப்பு, மறுபடி எட்டு போடுவது. எட்டு போடும்போது கால் தரையில் பட்டால் கதை முடிந்தது. சுற்றிலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். வகுப்பில் நான் அவர்களைப் பார்த்த அதே பார்வையை அன்று அவர்கள் எனக்குத் திருப்பித் தந்தார்கள். நான் காலை ஊன்றவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வயதுக்கு ஒரு துணையும் தேடி வைத்திருந்தேன். டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து ஒரு டிரையம்ஃப் வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியதே அந்தப் பயணத்துக்காகத்தான். நான்கு ஆண்டு சுற்றினார், இந்தியாவுக்கும் வந்து போனார். உள்ளூரிலும் சாட்சி உண்டு. 2011இல் எங்கள் தொகுதியில் நின்று ஜெயித்து முதல்வரான ரங்கசாமி, தேர்தல் நாளில் தன் பழைய யமஹாவில் வந்து ஓட்டுப் போடுவதை ஊரே பார்த்திருக்கிறது. வண்டிக்கும் வயதுக்கும் புதுச்சேரியில் அப்படியொன்றும் பகை இல்லை.

தம்பியின் பழைய ஸ்பிளெண்டர்தான் என் பள்ளிக்கூடம். புல்லட் வாங்கலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "டீச்சர், புல்லட்டு உங்களத் தூக்கிட்டுப் போவும். ஆனா கீழ விழுந்தா நீங்கதான் அதத் தூக்கணும்" என்றார். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 195 கிலோ. யோசிக்காமலே விட்டுவிட்டேன். விழுந்த வண்டியைத் தூக்க ஒரு முறை இருக்கிறது, அதையும் அவர்தான் சொல்லித் தந்தார். வலப்பக்கம் சாய்ந்து கிடந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும் வேகத்தில் வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும். கியரில் போட்டு, ஹேண்டில் பாரைத் திருப்பிப் பிடித்து, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, குந்தி, காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். கையால் தூக்கினால் முதுகு போகும். பட்டறைக்கு வெளியே நாலைந்து தடவை செய்து பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் உதவிக்கு ஓடிவந்தார்கள். "ட்ரெயினிங், ட்ரெயினிங்" என்று மெக்கானிக் அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு திட்டம் போட ஆரம்பித்தேன். எனக்கு இது பிடித்த வேலை, ஆசிரியைதானே. முதல் தாளிலேயே அடி விழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரப் பயணம். ஆனால் அது ஆட்கள் போகும் கப்பல், வண்டி ஏற்ற முடியாது. சரக்காக அனுப்பலாம் என்றால் கார்னெட் வேண்டும். அது வண்டிக்கு எடுக்கும் பாஸ்போர்ட் மாதிரி, பிணைத்தொகையும் கட்ட வேண்டும். "அந்தச் செலவுல இன்னொரு ஸ்பிளெண்டர் வாங்கிடலாம்க்கா" என்றான் தம்பி. நேபாளம் என்றால் நம் வண்டியிலேயே போய் எல்லையில் பன்சார் என்ற சுங்கக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நுழையலாம், ஆனால் அந்த எல்லைக்குப் போய்ச் சேரவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆகவே கப்பலில் நான் மட்டும் போவது, யாழ்ப்பாணத்தில் வாடகை வண்டி எடுப்பது என்று முடிவாயிற்று. லைசென்ஸுக்குப் படிவம் 4ஏ நிரப்பிப் பன்னாட்டு பர்மிட் வாங்க வேண்டும், ஓராண்டு செல்லும். அது மட்டும் போதாது, இலங்கையில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும். பயணக் காப்பீடு மோட்டார் சைக்கிள் விபத்தை ஏற்குமா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதை எல்லாம் படிக்க வேண்டும். நல்லவேளை, அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் பாதை. ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை, கண்டி, தேயிலை மலைகள், எல்ல, வெல்லவாய, புத்தல. புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுச் சாலையில் யானைகள் நடுவில் நின்றுகொண்டு வண்டிகளிடம் தின்னக் கேட்கும். கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிளில் எதை ஏற்றிக்கொள்வது? இதற்கு ஒரு தனித் தாள் போட்டேன். மழைக்கு ஒரு தாள், பஞ்சருக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. ஒரு கோப்பு மூன்றானது. ஏப்ரல் விடுமுறை வந்தது, போனது. கோப்பு இன்னும் முடியவில்லை என்று எனக்கு நானே லீவு லெட்டர் எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் ஆயாவின் நினைவு வந்தது. அம்மாவைப் பெற்றவள். வழுதாவூரிலிருந்து கதிர்காமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இன்று வீட்டு வாசலில் வண்டியை எடுத்தால், அதே வழுதாவூர் சாலையைப் பிடித்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஆயா மருமகளாக வந்தபோது கதிர்காமம் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தது, வழுதாவூர் அப்படி இல்லை. ஆயாவின் தாய்வீடு வெளிநாட்டில் இருந்தது! 1949க்குப் பிறகு சுங்கக் கெடுபிடி இறுகிவிட்டது. "மூட்டைய அவுத்துக் காட்டிட்டுத்தான் அம்மா வூட்டுக்குப் போவணும்" என்பாள். தீபாவளிக்குத் தாய்வீட்டுக்கு எடுத்த புடவைக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததாம். இதே கோட்டைத் தாண்டாமல் பாரதி பத்து வருடம் புதுச்சேரியில் இருந்தார். 1918 நவம்பரில் தாண்டினார், கடலூர்ப் பக்கம் போனதுமே பிடித்துவிட்டார்கள். 1954 அக்டோபரில் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்டார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆயாவின் அம்மா வீடு உள்நாட்டுக்கு வந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

ஆயா போக்குவரத்துக்குத் திட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தால் இடுப்பில் ஒரு குழந்தை, தலையில் ஒரு மூட்டையோடு கிளம்பிவிடுவாள். பயம் இல்லாமல் இல்லை. சாவடிக்காரனுக்குப் பயந்துகொண்டேதான் போனாள். அவளுக்குப் போக ஒரு காரணம் இருந்தது. என் மூன்று கோப்பிலும் இல்லாத தாள் அதுதான்.

இதை அம்மா சரியாகப் பிடித்துவிட்டாள். "நேர்த்திக்கடனாடி?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். வேண்டுதல் என்றால் நம் வீடுகளில் யாரும் வயதைக் கேட்பதில்லை, கூட யார் வருகிறார்கள் என்று கேட்பதில்லை. மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போகும் என் சக ஆசிரியைகளை "ஏன் போறீங்க?" என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. கதிர்காமத்துக்கே அப்படி நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் கிளம்பி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, யால காட்டுக்குள் புகுந்து ஆடித் திருவிழாவுக்குப் போய்ச் சேர்வார்கள். ஒன்றரை, இரண்டு மாத நடை. அறுபது, எழுபது வயதுப் பாட்டிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. எட்டு போட்டுக் காட்டு என்று அவர்களை யாரும் நிறுத்துவதில்லை. வழியில் ஊர்ச் சனங்கள் சோறு போடுகிறார்கள்.

பொய் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அம்மா காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு ஜம்மென்று கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. முருகனே காரணம் இல்லாமல் கடல் தாண்டியதாகக் கதை இல்லை, வள்ளிக்காகத்தான் போனான் என்கிறார்கள். கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் யானை மேல் ஏறி வள்ளி கோயிலுக்குத்தான் போய் வருகிறான். கடவுளுக்கே ஒரு முகாந்திரம் வேண்டியிருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

"சும்மாம்மா" என்றேன்.

"சும்மான்னா?"

அந்தச் சொல்லுக்கு என்ன விளக்கம் சொல்ல? பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரு பெண் சும்மா போவதற்கு நம் ஊரில் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், வளைகாப்புக்குப் போகலாம். சும்மா போகிறவன் ஆண் என்றால் ஊர் சுற்றி. அந்தப் பட்டத்தில் திட்டும் உண்டு, கொஞ்சம் செல்லமும் உண்டு. பெண்ணுக்கு அந்தச் செல்லம்கூடக் கிடைக்காது. அருணகிரிநாதருக்கு முருகன் செய்ததாகச் சொல்லப்படும் உபதேசம் இதே சும்மாவில்தான் இருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் முருகன் சும்மா இருக்கத்தான் சொன்னான், சும்மா கிளம்பச் சொல்லவில்லை என்று ஒரே வாக்கியத்தில் மடக்கிவிடுவாள். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

நாகப்பட்டினத்துக்குப் போகும் வழியில் காரைக்கால் வரும். தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடி புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் வந்து, மறுபடி தமிழ்நாடு. அங்கே காரைக்கால் அம்மையாருக்கு ஆனியில் மாங்கனித் திருவிழா. தனியாகப் பயணம் போன நம் பெண்களில் முதல் ஆள் அவள்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கயிலாயத்துக்குக் கிளம்புவதற்கு முன் அவள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். சதையும் அழகும் கழன்று போகட்டும், பேயுருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வழியில் பார்த்தவர்கள் அஞ்சி ஓடினார்களாம். பக்தியாகவே இதைக் கேட்டு வளர்ந்தேன். முழு ஹெல்மெட்டும் தம்பியின் தொளதொள ஜாக்கெட்டும் போட்டு முதல் தடவை நூறடிச் சாலையில் ஓட்டிய அன்றைக்குத்தான் அதில் இருந்த நடைமுறைப் புத்தி புரிந்தது. சிக்னலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டியில் இருபது வருடம் எனக்குக் கிடைக்காத விஷயம் அது. புதுச்சேரியில் 2019இல் ஹெல்மெட் கட்டாயமா இல்லையா என்று துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் பெரிய சண்டையே நடந்தது. உயிரைக் காக்கும் என்று ஒரு கட்சி, மக்களுக்குத் தொல்லை என்று ஒரு கட்சி. ஹெல்மெட் போட்டால் பேயாகலாம் என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை.

மூன்று கோப்பையும் எடுத்து மறுபடி படித்தேன். வேண்டிய தாள் ஏழெட்டு இருக்கும். பர்மிட், காப்பீடு, வாடகை வண்டியின் பிரேக்கும் டயரும் பார்ப்பது, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வது, புத்தல சாலையைக் காலையில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கடப்பது. மிச்சமெல்லாம் சும்மா போகிற குற்றத்துக்கு நான் எழுதிக்கொண்ட ஜாமீன் மனுக்கள். இவ்வளவு உழைத்திருக்கிறாள், போகட்டும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று எழுதியவை. மிச்சத்தை எடுத்துப் பழைய பேப்பரோடு வைத்தேன். அடுத்த ஏப்ரலுக்குத் தேதி மட்டும் போட்டேன்.

போன ஞாயிறு விடிகாலையில் ஆயாவின் வெளிநாட்டுக்குக் கிளம்பினேன். ஊசுட்டேரி நெருங்கியதும் காற்று குளிர்ந்தது. ஏரி ஒரு பாதி நமக்கு, ஒரு பாதி தமிழ்நாட்டுக்கு. நீர்க்கோழிகளுக்கு அது தெரியாது. எல்லை எங்கே என்று பார்த்துக்கொண்டே போனேன். சாவடி இருந்த இடம் தெரியவில்லை. பெட்ரோல் நம் பக்கம் விலை குறைவு என்பதால் இந்தப் பக்க பங்க்கில் தமிழ்நாட்டு வண்டிகள் நிற்கும், அவ்வளவுதான் மிச்சம்.

வழுதாவூரில் ஆயா வீடு இருந்த தெருவில் இப்போது மாடி வீடுகள். எது என்று கேட்க ஆள் இல்லை. டீக்கடை முன்னால் வண்டியைத் திருப்பினேன். ரோட்டோரம் மணல். மெதுவாகத் திருப்பும்போது முன்பிரேக்கைப் பிடிக்கக்கூடாது என்று பட்டறையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பிடித்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. எனக்கு அடியில்லை, முழங்கையில் மட்டும் மணல்.

கடையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். "இருங்க, நானே தூக்கறேன்" என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பெண் குரல் வந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஹேண்டில் பாரைத் திருப்பினேன், சீட்டுக்கு முதுகைக் கொடுத்தேன், குந்தினேன். ஒரு பெரியவர் மட்டும் தேநீர் கிளாஸைக் கையில் வைத்தபடியே வண்டிக்கு அந்தப் பக்கம் சுற்றி வந்து, நான் மறந்திருந்த சைடு ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டார்.

"ம், தூக்கும்மா" என்றார்.