காஹிராவின் தெருவில் ஒரு பாடம்

ஓர் ஊரைக் கண்ட மாத்திரத்தில், "இது ஒழுங்கற்ற ஊர்" என்று தீர்ப்புக் கூறுதல் நீதியாகுமா? ஒழுங்கின்மை காணப்படும் பொருளில் உள்ளதா, காண்பவனின் அறியாமையில் உள்ளதா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது நூலன்று. மிஸ்று நாட்டின் தலைநகரான காஹிராவின் தெருவேயாகும்.

பாத்திமியர் 969 ஆம் ஆண்டில் நிறுவிய அந்நகரை நாம் ஓதும் பருவம் முதலே ஏடுகளில் கண்டு வந்தோம். இப்னு பதூதா 1326 இல் கண்டு வியந்த நகர். துனீஸில் பிறந்த இப்னு கல்தூன் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1406 இல் மறைந்த நகர். அல்அஸ்ஹர் விளங்கும் நகர். ஆகவே, முதன்முறை அங்குச் சென்றபோது அந்நிய நாடு செல்கிறோம் என்னும் எண்ணமே நமக்கில்லை. தாய்வீடு செல்பவனைப் போலச் சென்றோம்.

முதல் நாளே அவ்வெண்ணம் சிதைந்தது. ஊர்திகளின் ஓயாத ஊதொலி. கோடு மதியாது நெருக்கும் வண்டிகள். அவற்றினூடே ரொட்டி அடுக்கிய பலகையைத் தலைமேல் சுமந்து மிதிவண்டியில் விரையும் இளைஞன். மொழியும் நம்மைக் கைவிட்டது. முப்பதாண்டுகள் அரபு கற்பித்த நாம், இலக்கண வழுவின்றி 'குப்ஸ்' கேட்டோம். கடைக்காரர் புன்னகைத்து, "ஐஷ்" என்றார். நம் அகராதியில் அச்சொல்லுக்கு வாழ்வு என்பது பொருள்; அம்மக்களுக்கோ அதுவே ரொட்டியின் பெயர். 'கஹ்வா' அவர்கள் நாவில் 'அஹ்வா' ஆயிற்று. "மொழியையும் சிதைத்தனர், ஒழுங்கையும் சிதைத்தனர்" என்று நம் உள்ளம் தீர்ப்பெழுதியது. நாமும் வீட்டில் இலக்கணத் தமிழ் பேசுவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ரம்ஸீஸ் சதுக்கத்தருகே சாலையைக் கடக்க இயலாது நெடுநேரம் நின்றோம். முதியவர் ஒருவர் வந்து நம் கையைப் பற்றினார். நாம் செய்தது என்ன? மறுகையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டோம். அவர் அதனைக் கண்டார், ஒன்றும் கூறவில்லை. ஓடாமலும் நில்லாமலும் ஒரே சீராக நடந்தார். வந்த ஊர்திகள் வேகந்தணிந்து விலகின. நடப்பவன் சீராக நடந்தால் ஓட்டுபவன் அதனைக் கணித்து வழிவிடுகிறான். நடுவில் தயங்குபவனே இடர் விளைக்கிறான் என்பது விளங்கிற்று. ஊதொலியும் பெரும்பாலும் சினமன்று. 'இதோ வருகிறேன்' என்னும் அறிவிப்பே. மறுபுறம் சேர்ந்ததும் முதியவர் ஸலாம் கூறிச் சென்றார். மன்னிப்புக் கேட்பதற்குரிய அரபுச் சொற்கள் பல அறிந்திருந்தும் ஒன்றேனும் நம் வாயில் வரவில்லை.

அங்கே எல்லாம் நன்றே என்று நாம் வாதிடவில்லை. புகையும் விபத்தும் அவ்வூர் மக்களுக்கும் துன்பமே. துன்பத்தைத் துன்பமென்று சொல்வது குற்றமன்று. நமக்குப் பழக்கமில்லாதது யாவும் தீதென்று எண்ணி, அத்தீதை மனிதர்மேல் ஏற்றுவதே குற்றம். முன்னதற்குக் கண் போதும். பின்னதைத் தவிர்க்க நெஞ்சில் அச்சம் வேண்டும்.

பிறர்மீது தீய எண்ணம் கொள்வதைத் திருமறையின் 49 ஆம் அத்தியாயம் விலக்குகிறது. அவ்வசனத்துக்கு மாணவர்க்குப் பன்முறை விளக்கம் கூறியுள்ளோம். நமக்கு விளக்கம் கூறியவரோ, பெயரறியா அம்முதியவர். அந்நிய ஊரில் கால் வைக்கும் அன்பர்கள் சட்டைப்பையைக் காத்துக் கொள்ளட்டும். அதனினும் விழிப்பாகத் தம் தீர்ப்பைச் சில நாள் காத்து வைக்கட்டும்.