கோணலான கூடமும் குற்றமற்ற கையும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கருவியைக் குறைகூறுவோர் யாவரும் திறமையற்றோர் என்று எளிதில் தீர்ப்பிட இது நமக்கு இடந்தருகிறது. ஆயினும், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்செய்வது? நன்றாக ஆடத் தெரிந்தவளும் அங்கே இடறி விழமாட்டாளோ? அவள் கூடத்தைச் செப்பனிடுவது சோம்பலா, அறமா?

இவ்வினாவை நம்முன் வைத்தவர் கணிப்பொறி நிரல் எழுதும் அன்பர் ஒருவர். 15 ஆண்டுகளாக ஈமேக்ஸ் என்னும் எடிட்டரிலேயே எழுதிப் பழகியவர். இன்று சட்டைப் பொத்தானைப் போடவும் மனைவியின் உதவியை நாடும் அளவுக்கு அவருடைய இடக்கை நோகிறது. எடிட்டரை மாற்றினால் வலி குறையலாம் என்று நண்பர்கள் சொல்ல, இத்தனை ஆண்டுத் திறமையை விட்டுவிடுவது தோல்வியாகாதா என்று அவர் நம்மிடம் கேட்டார்.

நோய் புதிதன்று. தொழிலாளரின் நோய்களைப்பற்றி 1700ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாத்சினி, எழுத்தர்களைப்பற்றியும் அந்நூலின் பிந்தைய பதிப்பில் எழுதினார். இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே போக்கில் ஓயாது அசைத்தல், பிழை நேரக்கூடாதே என்னும் மனஇறுக்கம் ஆகிய மூன்றும் அவர்களை வாட்டுவதாகக் கண்டார். வலக்கை செயலிழந்த எழுத்தர் ஒருவர் இடக்கையால் எழுதக் கற்றார் என்றும், பின்னர் அக்கையும் அவ்வாறே நோயுற்றது என்றும் குறிப்பிடுகிறார். இறகுப் பேனாவின் இடத்தில் இன்று விசைப்பலகை இருக்கிறது. கை அதே கைதான்.

நிரலாளர் இன்றும் போற்றும் இரு எடிட்டர்கள் 1976ஆம் ஆண்டில் பிறந்தவை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஈமேக்ஸில், கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே மற்றொரு விசையைத் தட்டுவது பெருவழக்கு. அது வளர்ந்த ஆண்டுகளில் அங்கிருந்த லிஸ்ப் கணிப்பொறிகளின் பலகையில் கண்ட்ரோல் விசை, இடைவெளி விசையை ஒட்டி, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பின்னர் பலகை மாறியது. அவ்விசை கீழ்மூலைக்குப் போயிற்று. சுமை எளிய சுண்டுவிரலின்மேல் விழுந்தது. 'ஈமேக்ஸ் சுண்டுவிரல்' என்று அவ்வலிக்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய வி.ஐ. வேறு வழி கண்டது. எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளையிடுவதற்கு ஒரு நிலை எனப் பிரித்ததால், தனி எழுத்து விசைகளே கட்டளைகளாயின. இரு விசைகளைச் சேர்த்து அழுத்தும் தேவை பெரிதும் குறைந்தது. ஆயினும் நிலை மாற்றும் எஸ்கேப் விசை, அவர் பயன்படுத்திய கருவியில் இன்றைய டேப் விசையின் இடத்தில் இருந்தது. இன்றோ தொலைவான மேல்மூலையில் இருக்கிறது.

ஆகவே, கருவியின் பழக்கங்கள் இயற்கையின் கட்டளைகள் அல்ல. யாரோ சிலர், ஏதோ ஒரு பலகைக்கு ஏற்ப வகுத்தவை. பலகை மாறியபின்னும் பழக்கம் மாறாததால் கை தண்டனை பெறுகிறது. குற்றமற்றவரைத் தண்டிப்பதை அநீதி என்கிறோம். நம் கைக்கு நாமே அதைச் செய்யும்போது மட்டும் விடாமுயற்சி என்று பெயரிடலாமோ? பிறர் நலனுக்காக ஏற்கும் துன்பம் உயர்ந்தது. தவிர்க்கக்கூடிய வலியைப் பெருமைக்காகச் சுமப்பது தியாகமன்று.

எனினும், மாற்றத்துக்கும் விவேகம் வேண்டும். ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1990களின் நடுவில் கைவலியால் வருந்தினார். ஒரு விரலால் மட்டுமே தட்ட இயன்ற நிலையில், அவருக்காகத் தட்டச்சு செய்ய ஆட்கள் அமர்த்தப்பட்டனர். சில ஆண்டுகளுக்குப்பின், விசைகளின் கடினமே காரணம் எனக் கண்டு மென்மையான பலகைக்கு மாறினார். வலி பெரிதும் நீங்கிற்று. எடிட்டரை அவர் விடவில்லை. காரணத்தை அறியாமல் செய்யும் மாற்றம், இருட்டில் மருந்து தேடுவதற்கு ஒப்பாகும்.

எனவே அன்பருக்கு நாம் சொன்னது இது: எந்த விரல், எந்த விசையில் நோகிறதென முதலில் கவனியுங்கள், மருத்துவரைக் காணுங்கள். கண்ட்ரோல் விசையின் வேலையை எளிதில் எட்டும் வேறு விசைக்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாதெனில் எடிட்டரையே மாற்றுங்கள். மிச்சமாகும் வலுவை மேலும் சில மணிநேர வேலையால் நிரப்பிவிடாதீர்கள். எந்த எடிட்டரும் ஓய்வுக்கு ஈடாகாது. வேலை தருவோரும் இதனை உணர்தல் வேண்டும்.

அவர் இப்போது வி.ஐ. முறையைப் பழகிவருகிறார். தொடக்கப் பள்ளி மாணவனைப்போல் தடுமாறுவதாகச் சொல்கிறார். பொத்தானைத் தாமே போடும் நாள் இன்னும் வரவில்லை. ஆயினும், தம் கையைக் குற்றஞ்சாட்டுவதை நிறுத்திவிட்டார். குணமடைதலின் முதற்படி அதுவேயென நாம் நம்புகிறோம்.