எந்தக் கறையைத் துடைப்பது?

காங்கேயத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரப் பட்டறைகள். உயிரின் அழுக்கை விளக்கச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட இரண்டு உவமைகளும் இப்படி ஒரே மாவட்டத்தில் தொழிலாகவே நடக்கின்றன: நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு. 13-ஆம் நூற்றாண்டில் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இவற்றைக் காட்டி, ஆணவ மலம் என்ற அந்த அழுக்கு நடுவில் வந்து ஒட்டியது அல்ல, உயிர் என்று உண்டோ அன்றே உண்டு என்றார். அப்படிக் கூடவே இருந்த அழுக்கை எதுவரை நீக்க முடியும், எதுவரை நீக்கலாம்? நெல்லும் செம்பும் இதற்குப் பாதி விடைதான் தருகின்றன என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, மெய்கண்டார் காலத்தில் யாரும் பிரித்தெடுத்திராத அலுமினியத்தில் இருக்கிறது.

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1973-இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட், வெட்டிய தகடுகளையும் உறுப்புகளையும் பெட்டியில் அனுப்பிவைக்கிறது. வாங்கியவர் கோத்துக்கொள்ள வேண்டும். பணமோ நேரமோ கூடிவராமல் பெட்டி வருஷக்கணக்கில் கொட்டகையில் கிடப்பதும் சகஜம். காங்கேயம் போன்ற வறண்ட பூமியில் கிடந்தால் தப்பிக்கும். ஈரமான ஊரில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளுக்கு நடுவே நீர் ஊர்ந்து புகும். சுற்றிய காகிதம் அந்த ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். திறந்து பார்த்தால் தகடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை, சில இடத்தில் வெள்ளைப் பொடி. பார்த்ததும் கை தேய்க்கத்தான் போகும். ஆனால் விமானத் தகடு பெரும்பாலும் ஒரே உலோகம் அல்ல. உள்ளே செம்பு கலந்த வலுவான கலவை. அது எளிதில் அரிபடும். அதைக் காக்க இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தியிருப்பார்கள். முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தகட்டில் அந்தத் தோல் பக்கத்துக்குச் சுமார் 0.04 மில்லிமீட்டர். கறை போகட்டும் என்று பளபளக்கத் தேய்த்தால் தோலே போய்விடும். இரும்புக் கம்பளியால் தேய்த்தால் இன்னும் மோசம்: இரும்புத் துணுக்கு பதிந்து, அந்த இடத்தில் புதிதாக அரிப்பு தொடங்கும்.

அந்தத் தோலும்கூட வெற்று உலோகமாக இருப்பதில்லை. காற்றுப் பட்ட கணமே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படிகிறது. சுரண்டினால் மறுகணம் மீண்டும் படிகிறது. அதற்கும் கீழே அரிப்பு இறங்காமல் தடுப்பதே அந்தப் படிவுதான். தொழிற்சாலையில் மின்சாரம் செலுத்தி அதை வேண்டுமென்றே தடிப்பாக்குவதும் உண்டு. இந்த உலகக் காற்றில் நிர்வாணமான அலுமினியம் என்று ஒன்று கிடையாது. ஆகவே துடைப்பவர் முன்னால் இருப்பது அழுக்கா, தூய்மையா என்ற கேள்வி அல்ல. எந்தப் படிவு காக்கிறது, எந்தப் படிவு தின்கிறது என்பதே கேள்வி.

உலோகவியலை வைத்து ஆன்மிகம் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சித்தாந்திகள் அறியும் வழிகளான அளவைகளில் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்கிவிட்டார்கள். உவமை தனி அளவை இல்லை. கருதலின் ஒரு வகை, அவ்வளவே. அதனால் எந்த இடத்தில் பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தாது என்று சோதித்தே கொள்ள வேண்டும். அலுமினியத்தின் காப்புப் படிவை ஆணவத்துக்கு உவமையாக்கினால் தப்பாகிவிடும். ஆணவம் யாரையும் காப்பதாகச் சைவம் சொல்லவில்லை. அந்த உவமை மாயைக்குத்தான் பொருந்தும். உடல், கருவி, உலகம், நுகர்ச்சி எல்லாம் மாயையிலிருந்து வந்தவை. அதுவும் மலம்தான், ஆனால் ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டும் மலம். உடம்பை வெறுத்து, உறவை வெறுத்து, உலகையே சுரண்டி எறியத் துடிக்கும் துறவு, கறையோடு தோலையும் உரிக்கிறது. நான் தூயவன் என்று பளபளக்கும் ஆசை ஆணவத்தின் வேலை அல்லாமல் வேறு என்ன?

விமானக்காரர்கள் பக்கமிருந்து ஒரு வலுவான எதிர்வாதம் வரும். அரிப்பை விட்டுவைத்தால் ஆட்கள் செத்துப்போவார்கள். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். கடற்காற்று ஊறித் தகட்டு இணைப்புகள் விட்டுப்போனதும், அதனால் ரிவிட் வரிசையில் ஓடிய விரிசல்களும் காரணம். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணில் பட்ட கறையையெல்லாம் தேய்த்திருந்தாலும் அந்த விபத்து நின்றிருக்காது. அரிப்பு இணைப்புக்குள்ளே இருந்தது. வெளியே தெரியும் கறையை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும்; தட்டுப்படாவிட்டால் அது பெரும்பாலும் வெறும் நிறம். தட்டுப்பட்டால் குழி, அதை எடுத்தே ஆக வேண்டும். கருணை காட்டிக் குழியை விடுவதும், வெறி பிடித்து நிறத்தைச் சுரண்டுவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்: இரண்டிலும் ஆள் சரியாகப் பார்க்கவில்லை.

குழியை எடுத்துவிட்டால் மலம் ஒழிந்ததா? ஒழியவில்லை என்றுதான் சித்தாந்தமும் சொல்கிறது. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆணவம் ஒன்று, அதன் சக்திகள் பல, உயிருக்கு ஒன்றாக. ஓர் உயிர் வீடு பெறும்போது ஆணவமே அழியுமானால் எல்லா உயிரும் அன்றே வீடு பெற்றிருக்க வேண்டும். அதனால் அழிவது மலம் அல்ல, உயிரை மறைக்கும் அதன் வலிமை. தகட்டைத் துடைத்துக் காப்புப் பூச்சு ஏற்றியவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். உலோகம் அரிபடும் குணத்தை அவர் ஒழிக்கவில்லை, செயல்படாமல் நிறுத்தியிருக்கிறார்.

குழியா நிறமா என்று தீர்ப்புச் சொல்வது யார் என்பது பாக்கி. விமானத்தின் கட்டுப்பாட்டு உறுப்புகள் போன்ற முக்கிய வேலைகளில், செய்தவர் பார்த்தது மட்டும் போதாது, இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வேலை செய்தவர் திறமை இல்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. தான் தேய்த்த இடத்தைத் தன் கண் மன்னித்துவிடும். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் உடைய உயிர்களான சகலருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்தாமல், மானிட உருவில் குருவாக எதிரே வந்து உணர்த்துகிறான் என்று சித்தாந்தம் வைத்ததையும் இந்தக் காரணத்தோடு சேர்த்தே படிக்கலாம்.