துணிவுக்கு யார் கூலி கொடுப்பது?

“ஆபத்தான மலையில் ஏறுவது என் இஷ்டம். விழுந்தா நான்தானே விழப்போறேன், மத்தவங்களுக்கு என்ன?” நம் இளைஞர்கள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தர்மமான பேச்சா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போமே.

1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக நின்ற மலேசியர்கள் மு. மகேந்திரனும் நா. மோகனதாஸும். நம் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் சென்ற நேப்பாளப் பக்கத்துப் பாதை, கும்பு என்னும் பனிப்பாறைச் சரிவைக் கடந்து போகிறது. ஓயாமல் நகர்ந்து பிளக்கும் பனி அது. ஏறும் பருவம் தொடங்கும்போது, மற்றவர்கள் மேலே போவதற்கு முன்பே, ஷெர்ப்பா தொழிலாளர்கள் அங்கே ஏணி வைத்துக் கயிறு கட்டுகிறார்கள். பிறகு கூடாரம், உணவு, ஆக்சிஜன் எல்லாம் அவர்கள் முதுகில்தான் ஏறுகிறது. மலையேறி சில தடவை கடக்கும் இடத்தை அவர்கள் பல தடவை கடக்கிறார்கள்.

2014 ஏப்ரல் 18-ஆம் நாள் விடிகாலையில் மேலிருந்து பெரும் பனிக்கட்டி உடைந்து விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் நேப்பாளத் தொழிலாளர்கள். குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்தது 40,000 நேப்பாள ரூபாய். தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்தப் பருவத்தில் பெரும்பாலான குழுக்கள் ஏறாமலே திரும்பின.

பேராக் தோட்டப்புறத்தில் வேர் உள்ள நமக்கு இது புரியாத கதையா? வெயில் ஏறினால் பனி இளகும் என்று ஷெர்ப்பா இருட்டிலேயே புறப்படுகிறான். வெயில் ஏறினால் பால் குறையும் என்று நம் பாட்டி தாத்தாவும் விளக்கோடு இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். பாம்பும் அட்டையும் அவர்களுக்கு, லாபம் வேறொருவருக்கு.

அப்படியானால் மலையே ஏறக்கூடாதா? அப்படி இல்லை. மகாபாரதத்தின் கடைசியில் தருமர் இமயத்தில்தான் நடக்கிறார். சொர்க்கத்துத் தேர் வந்து நின்றபோதும், கூட வந்த நாயை விட்டுவிட்டு ஏற மறுக்கிறார். அந்த நாய்தான் தர்மதேவதை. எவ்வளவு உயரம் போனாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கூட வந்தவரை என்ன செய்தாய் என்பதுதான் சோதனை.

ஈப்போவிலிருந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரில்தான் 2,183 மீட்டர் உயரக் கொர்பு மலை இருக்கிறது. அங்கே பனி இல்லை. ஆனால் ஆண்டுக் கடைசி மழையில் மண் சரியும், ஆறு திடீரென்று பெருகும். “இன்னைக்கு வேணாம், திரும்பிடலாம்” என்று வழிகாட்டி சொன்னால், அவரைக் கோழை என்று சிரிக்காதே. நீ காணாமல் போனால் அந்த இருட்டில் உன்னைத் தேடி வருவது அவரும் பொம்பா வீரர்களும்தான். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

வள்ளுவரே அச்சத்தை அறிவின் பக்கம்தான் வைத்தார். ஆகவே தம்பி, தங்கச்சி, மலை ஏறுங்கள். ஏறுவதற்கு முன் மூட்டை தூக்குபவரின் பெயரைக் கேளுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், அவர் நில் என்றால் நில்லுங்கள். தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைப்பவன் கணக்கில் பாதியைத்தான் பார்த்திருக்கிறான்.