துருவுக்குள் இருக்கும் விலை

சுவீடன் படைக் கிடங்குகளிலிருந்து கழிக்கப்பட்ட பழைய கோடரிகளில் மூன்று மகுட முத்திரையைத் தேடுவோர் உண்டு. முத்திரை கோடரி யாருக்கு உரியதாயிருந்தது என்பதைச் சொல்லும். இன்றுள்ள தரத்தைச் சொல்லாது. மேல்துரு தேய்த்தால் போகும். காம்பு உளுத்திருந்தால் மாற்றலாம். சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்த வாயோ பதம் இழந்தது. அரம் அதை எளிதில் கடிக்கும். காம்புத் துளையோரம் விரிசல் கண்டால் வாங்கவே வேண்டாம்.

இவ்வளவு அறிந்த நாம், அறியாதவரிடம் நல்ல கோடரியைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி மௌனமாய் வரலாமா? விலை சொன்னவர் அவர்தாமே என்போம். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு இடங்கொடுக்கவில்லை. பொன்னைப் பித்தளையென எண்ணி விற்பவரிடம் தெரிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார், ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்றார். நம் கண் பழகியது நம் உழைப்பாலன்றோ என்று மனம் வாதிடுகிறது. அதிலும் சிறிது நியாயம் உண்டு. வீட்டில் துரு நீக்கிய பின்பே தரம் தெரிந்தால் அது வேறு. சந்தையிலேயே தெரிந்திருந்தால், விற்பவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு விலை பேசுவோம்.